இரண்டு நாற்பது

வரைபடத்தில் மூன்றாம் தளத்து நடைவழியின் அகலம்
இரண்டு மீட்டர் நாற்பது.
மொண்டெவிடியோவில், கடன் கொடுக்கும் வங்கியின் எழுத்தர்
பென்சில் முனையால் அதைத் தட்டினார்:
"இது யாருடைய அறை?"
யாருடையதும் இல்லை.
"பிறகு எதற்கு இவ்வளவு?"
நடக்க.
"நடக்க ஒன்று இருபது போதுமே."
அவர் கணக்கில் பிழை இல்லை.
நான்தான் கோட்டை அழிக்கவில்லை.

கட்டியவர்கள் குடியிருக்கப் போகிறவர்கள்.
எந்த வீடு எவருக்கென்று
கடைசிச் சுவர் காய்ந்த பிறகுதான் சீட்டுக் குலுக்குவார்கள்.
அதனால் அறுபத்தெட்டுச் சமையலறையிலும்
ஓடுகள் ஒரே ஒழுங்கில் இருந்தன.
அன்பு என்று சொல்லமாட்டேன்.

தளம் ஊற்றிய சனிக்கிழமை ஆகஸ்டுக் குளிர்,
ஆற்றுக் காற்று.
வாளி கைமாறும் வரிசையில் அடுத்தடுத்து
பேருந்து ஓட்டும் வில்மார்,
மருத்துவமனைச் சலவையறை நிபியா.
நடைவழிக்கு இரும்புக் கதவு வேண்டும் என்றாள் அவள்;
பழைய வீட்டில் இரண்டு முறை திருட்டு.
கதவு வந்தால் நான் போகிறேன் என்றான் அவன்.
அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

வரிசை நின்றுபோனது.
கத்திப் பார்த்தேன்:
சிமெண்டு எவர் கோபத்துக்கும் காத்திருக்காது!
மறுபடி வாளி நகர்ந்தபோது
முதல் பாதி இறுகிவிட்டிருந்தது.

குளிர்மூட்டு என்போம் எங்கள் தொழிலில்.
பழையதும் புதியதும் தொட்டுக்கொண்டிருக்கும்,
பிடித்துக்கொண்டிருக்காது.
இடிக்கலாமா என்று இரவெல்லாம் கணக்குப் போட்டேன்.
அடியில் கம்பி அறுபடாமல் ஓடுகிறது.
தாங்கும்.
விட்டுவிட்டேன்.

கதவு வாக்கெடுப்பில் தோற்றது, ஆறு ஓட்டில்.
சீட்டில் நிபியாவுக்கு விழுந்தது
அந்தக் கோட்டை ஒட்டிய வீடு.
நேர் கீழே வில்மார்.

மழை பெய்தால் கோடு கறுக்கிறது,
அவன் வாசலில் சொட்டுகிறது.
குளிர்காலத்துக்கு இரண்டு தடவையாவது
தார்ச் சட்டியோடு மேலே வருவான்.
போன ஜூனில் நான் போனபோது
வெளியே பலகை போட்டு அவள் இஸ்திரி தேய்த்துக்கொண்டிருந்தாள்,
ஜன்னல் வழியே ஒயர்.
அவன் மண்டியிட்டு விரிசலை அடைத்தபடி
கதவு ஏன் கூடாதென்று சொல்லிக்கொண்டிருந்தான்.
அவள் மாதே குவளையை அவனிடம் நீட்டி
"முட்டாள்," என்றாள்,
பூட்டுகளின் விலையைச் சொன்னாள்.

அவர்களைக் கடந்து போனேன்.
பலகை, சட்டி, சண்டை எல்லாம் போக
மிச்சமிருந்த இடம்
ஒன்று இருபது இருக்கும்.