அடிமணல்

மாற்றலாகிப் போன வங்கிக்காரர்
வீடு காலிபண்ணும் அவசரத்தில்
நாலடித் தொட்டியை எனக்கு விட்டார், மூவாயிரத்துக்கு.
ஆட்டோவில் குறுக்கே படுக்கவைத்து
நோர்வூட் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும்
கண்ணாடி விளிம்பு முழங்காலை அறுக்கக் கொண்டுவந்தேன்.

மீன் பிறகு. முதலில் தரை.

ஹட்டனில் நிஸ்தார் நானாவின் கடையில்
நீலக்கல் இருந்தது, ரோஸ்கல் இருந்தது,
இருட்டில் ஒளிருமாம் ஒரு பச்சை.
"சிக்லிட்டுக்கு இது சரிவராது தங்கச்சி.
வாயால மண் அள்ளுற சாதி அது.
கூர்க்கல்லப் போட்டா செவுள் கிழியும்.
மத்தது, உங்க பீலித் தண்ணி.
தேயிலைக்குத் தோது. இதுக்குப் புளிப்பு."
சோதிக்க ஒரு தாள் கிழித்துத் தந்தார்.

முக்கினேன். மஞ்சள்.
முப்பத்தாறு வருசமாய்க் குடிக்கிறேன்,
புளிக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரியும்.

கெசல்கமுவ ஓயாவில் ஒரு சாக்கு மணல்.
ஏழு தரம் அலசியும்
ஏழாவது வாளி தேத்தண்ணி நிறம்.
அழகில் குறையில்லை,
காக்காப்பொன் மினுக்கம் வேறு.
மூன்று நாள் ஊறவைத்துத் தாளை முக்கினால்
அதே மஞ்சள்.
அந்த மணலுக்கு எதிலும் அபிப்பிராயம் கிடையாது.

திருகோணமலை பஸ்ஸில் போகும் தங்கேஸ்வரன்
பவளத்துண்டு கொண்டுவரட்டுமா என்றான்.
பிடித்தால் கேஸ் என்றும் அவனே சொன்னான்.
வேண்டாம் என்றேன்.
கடலுக்கும் தரை வேண்டுமே.

செவ்வாய்க்கிழமை ஸ்டோரில் மூட்டை எண்ணும்போது
கையில் வெள்ளையாய் ஒட்டியது.
டொலமைட்.
கவ்வாத்து முடிந்த மலையில்
மண்ணின் புளிப்பை முறிக்க இறைக்கிறது.
பதினோரு வருசமாய் நானே எழுதுகிறேன்,
வரவு, செலவு, மீதி.
அன்று அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
அரைக் கிலோ, சொந்தப் பாவனை, காசு கட்டியது.

அரைக் கிலோவும் பாலாய்க் கரைந்தது.
இரண்டு நாளாய்த் தொட்டியின் அந்தப் பக்கம்
சுவர் இருக்கிறதா என்றே தெரியவில்லை.
தூள் ஆகாது, சில்லு வேண்டும்.
திகனையில் மாபிள் வெட்டும் சமிந்தவிடம்
துவரம்பருப்பு அளவில், முனை மழுங்கினதாய்
கேட்டு வாங்கினேன்.
எலுமிச்சை பிழிந்து பார்த்தேன்.
சும்மா கிடந்தது.
சுத்தியலால் ஒன்றை நொறுக்கிப் பிழிந்தேன்.
அப்போதுதான் நுரைத்தது,
அதுவும் காதை வைத்தால் கேட்கும் அளவுக்கு.
எனக்கு அந்தக் கல்லைப் பிடித்துப்போனது.

அடியில் சில்லு, மேலே ஓயா மணல்,
இரண்டு விரல் உயரம்.
கொழுந்துத் தட்டு மாதிரி சமனாய்ப் பரப்பினேன்.
ஒரு கிழமை கழித்துத் தாள்
பச்சைக்குப் போய், நீலத்தை எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு ஆறு மீன்.
மலாவி ஏரி மீன் என்று பெயர்.
ஏரியைக் கண்டதில்லை,
ராகமையில் சிமெந்துத் தொட்டியில் பிறந்து
பொலித்தீன் பையில் மலையேறினவை.

விடியப் பார்த்தால் தரையைக் காணோம்.
ஒரு பெட்டை
வாய் வாயாய் அள்ளித் துப்பி
இடது மூலையில் குன்று எழுப்பியிருந்தது.
சில்லு மேலே, மணல் கீழே,
நடுவில் வெறும் கண்ணாடி.
லோஜினி வீட்டார் ஏழு பேர்ச் காணிக்கு
இன்னும் கச்சேரிக்கு நடக்கிறார்கள்.
இது ஒரே இரவில் எல்லை போட்டு
காவலும் நிற்கிறது.

சமன்படுத்தினேன். மறுபடி தோண்டியது.
மறுபடி சமன்படுத்தினேன்.
மூன்றாம் நாள் கையைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது அதன் தாடை வீங்கியிருக்கிறது.
முட்டையெல்லாம் உள்ளே.
இரை விழுந்தால் திரும்பிப் பார்க்கும்,
வாயைத் திறக்காது.
இன்று பதினெட்டாம் நாள்.
வேலை விட்டு வந்ததும்
விளக்கைப் போடாமல் பக்கத்தில் உட்காருகிறேன்.
குன்றிலிருந்து ஒரு சில்லு
உருண்டு கண்ணாடியில் தட்டுகிறது.