ஈரக் கழிவு

பெட்டியை எடைபோட வீட்டில் தராசு இல்லை.
ஒன்று வாங்கினால்
காலத்துக்கும் நம் இருவரையும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்
என்றான் அமலன்.
ஸ்கூட்டரின் முன்னால் பெட்டியை நிற்கவைத்து
கட்டபெட்டு இலைக் கொட்டகைக்குப் போனோம்,
கடைசி லாரி கிளம்புவதற்குள்.

கொழுந்து மூட்டைகளுக்கு நடுவே
என் பெட்டியும் கொக்கியில் தொங்கியது.
கருநீலம். நான்கு சக்கரமும் காற்றில்.
போஜன் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி
முள் நிற்கும்வரை பார்த்திருந்து
"இருபத்து மூணு" என்றார்.
விமானக்காரன் கேட்பதும் அதுவேதான்.
நானே தேர்வில் பாஸானதுபோல
அமலன் என் முதுகில் தட்டினான்.

பதினாறு வருடமாக
இலை வாடுவதை முகர்ந்து சொல்வது என் வேலை.
இன்னும் அரைமணி. இன்னும் கால்மணி. போதும், இறக்கு.
அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள்
கென்யாவில், கெரிச்சோ என்னும் மலைக்கு.

தெருவில் யாருக்கும் திருப்தியில்லை.
வெளிநாடு என்றால்
கண்ணாடிக் கட்டடமாவது இருக்கவேண்டாமா?
பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு
நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்:
"இங்க இல்லாத தேயிலையாம்மா?"
தேயிலை இருக்கு சார்.
சம்பளம்தான் தொட்டியிலேயே வாடிப்போச்சு.

ஒப்பந்தம் இரண்டு வருடம்.
பட்டறைக் கடன் தீர இருபத்திரண்டு மாதம்.
மிச்ச இரண்டு மாதம் எனக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
அதில் என்ன செய்வாய் என்று
அமலன் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

செரினுக்கு எட்டு வயது.
அட்லஸில் பூமத்தியரேகை மேல் விரலை ஓட்டி
"நடக்கும்போது தடுக்காதா?" என்றாள்.
அங்கே மணி இரண்டரை மணி நேரம் பின்னால் என்றதும்
"அப்ப நான் பண்ற தப்பெல்லாம்
உனக்கு லேட்டாதான் தெரியும்"
என்று கணக்கை முடித்துவிட்டாள்.

வண்டிச்சோலை வளைவில்
அமலன் கியரைக் குறைத்தபோதுதான் உறைத்தது.
போஜன் எந்த எடையையும் முழுதாகச் சொன்னதே இல்லை.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ
மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.
மழை நாளில் மூன்றும் போகும்.
அதற்காக அவரைத் திட்டாத
சிறு தோட்டக்காரர் இந்தப் பக்கம் கிடையாது.
இன்றைக்கு விடிந்ததிலிருந்தே தூறல்.

ஓரமாய் நிறுத்தி போன் போட்டேன்.
"கழிச்சீங்களாண்ணா?"
எதிர்ப்பக்கம் லாரி உறுமி அடங்கும்வரை பதிலில்லை.
"தெரியலையேம்மா.
வாய் பாட்டுக்குச் சொல்லியிருக்கும்."

ராத்திரி கட்டில்மேல் பெட்டியைத் திறந்தோம்.
எடுக்கவேண்டியது இரண்டு கிலோவா, மூன்றா,
ஒன்றுமே இல்லையா?
பருப்புப்பொடி போனது.
கல்யாணப் பட்டுச்சேலை, அதை ஏன் வைத்தேன், போனது.
அமலன் வாங்கித்தந்த டார்ச்
இரண்டு முறை வெளியே வந்து
இரண்டு முறை உள்ளே போனது.

அடியில் கை விட்டபோது
உடுப்பெல்லாம் சில்லென்று இருந்தது.
ஜூலை மாதம் குன்னூரில் எது காய்ந்தது?
மூன்று நாள் கொடியில் கிடந்தும்
மேகத்தைக் குடித்துக்கொண்டிருந்த ஸ்வெட்டர்கள்.
போஜன் கழித்தது தப்பேயில்லை.

ஒவ்வொன்றாய் உதறி
ஹீட்டரைச் சுற்றி நாற்காலிகளில் விரித்தோம்.
அறை முழுக்க என் ஆளில்லாத கைகள்.
செரின் எப்போதோ தூங்கிப்போயிருந்தாள்.
நான்கு மணிக்குக் கோவைக்கு டாக்ஸி.

"எவ்வளவு நேரமாகும்?" என்றான் அமலன்.
பச்சை ஸ்வெட்டரின் கையை எடுத்து முகர்ந்தேன்.
காய்ந்துதான் இருந்தது.

இன்னும் அரைமணி, என்றேன்.