நாலாம் மாடியில் ஏப்ரல்

விடியமுன்னமே வெக்கை.
வெள்ளவத்தைக் கடல் இவ்வளவு கிட்ட இருந்தும்
ஒரு காற்றும் நாலாம் மாடிக்கு ஏறவில்லை.
கண் திறக்கமுன் தலைக்குள்
யாரோ லைற் போட்டுவிட்டார்கள்:

சேயோனுக்குப் பூச்சிக் குளிசை.
மதுராவின் நீச்சல் உடுப்பு இன்னும் ஈரம்.
கைவிசேஷத்துக்குப் புதுநோட்டு மாற்றவேணும்.
பாண் இருக்கிறது, பட்டர் இல்லை.
பள்ளிக்கூடம் திறக்கையில்
சப்பாத்து ஒரு சைஸ் கூடியிருக்கும்.
யாருடைய கால் வளர்கிறதென்று
இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும்.

"போரடிக்குது அம்மா."
பத்து மணிக்குள் ஒன்பது தரம்.
எண்ணிக்கொண்டிருக்கிறேனே என்பதுதான் வருத்தம்.

மத்தியானம், ஃபானுக்கு முன்னால் இடச்சண்டை.
தீர்ப்பும் நான், திட்டு வாங்குவதும் நான்.
டப்பில் சார்ஜ் நாற்பது வீதம்,
அதுவும் நான் அறிவேன்.

"என்ன செய்யவேணும், சொல்லும், செய்யிறன்"
என்கிறார் நிர்மலன். நல்ல மனுஷன்.
சொன்னால் எல்லாம் செய்வார்.
அந்தச் சொல்லுறதுதான், ராசா,
வேலை.

பின்னேரம் தண்டவாளம் தாண்டிக்
கடலுக்குக் கூட்டிப் போனேன்.
பாணந்துறை ரெயில் போய் முடியும்வரை
இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தேன்.
தொப்பி, தண்ணிப் போத்தல், மாற்றுச் சட்டை,
ஒன்றும் மறக்கவில்லை.
என் கால்களில் மட்டும்
வேறுவேறு சோடிச் செருப்பு.

மதுராதான் கண்டாள்.
சிரித்துச் சிரித்து மணலில் விழுந்தாள்.
நானும் பக்கத்தில் குந்திவிட்டேன்.
அலையொன்று வந்து பாவாடையை நனைத்தது.
ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்
தலைக்குள் யாரும் பேசவில்லை.

பிறகு: பட்டர்.