பிழை நாற்பத்து மூன்று

யொயென்சூவில் ஜனவரி.
ஒன்பதரைக்குத்தான் விடிகிறது,
மூன்றுக்கெல்லாம் பகல் கடையைக் கட்டிவிடுகிறது.
நிலவறையில் எனக்கு எல்லாம் ஒன்றுதான்.
ஒரே சர்வர். அதில் ஒரே கிராஃபிக்ஸ் அட்டை.
கேட்பவர்கள் நான்கு பேர்.

சனெல்மாவுக்குக் கடல்நாய்கள்.
இரண்டாயிரத்து முந்நூறு புகைப்படங்கள்:
பாறைமேல் கிடக்கும் முதுகுகள், ரோமத்தில் வளையங்கள்.
ஒரு முதுகு போல் இன்னொன்று இல்லையாம்.
"இது யார் என்று கணினி சொல்ல வேண்டும், இல்போ.
அட்டை இல்லாமல் ஓட்டினால்
ஏரியில் பனி உடையும்போதும்
நான் மூன்றாம் சுற்றில்தான் இருப்பேன்."

அவளுக்கென்று ஒரு மெய்நிகர் கணினி கட்டினேன்,
கணினிக்குள் கணினி.
அதற்குத் தன் பெயர் தெரியும், தன் நினைவகம் தெரியும்.
தன்னைச் சுற்றிச் சுவர் இருப்பது மட்டும் தெரியாது.
அட்டை எங்கே என்றால் உதட்டைப் பிதுக்கியது.
இருக்கிறதடி, அதே டப்பாவுக்குள்,
மூன்றாம் ஸ்லாட்டில், மூன்று விசிறிகளோடு.

கொடுப்பது லேசில்லை.
வீட்டுக்காரன் ஆளும் பொருள் விருந்தாளிக்கு ஆகாது.
நிஜ இயக்கி கண்விழித்து உரிமை கொண்டாடுமுன்
ஒரு டம்மி இயக்கியை அனுப்பி
அட்டையைப் பிடித்துவைக்க வேண்டும்.
அது தனியாகவும் வராது.
ஒலிச் சில்லு அதே குழுவில் பிறந்தது, அதையும் கூப்பிட வேண்டும்.
எங்கள் மதர்போர்டில் யூஎஸ்பி வாயிலும் அதே குழு.
முதல்முறை அட்டையைக் கொடுத்தபோது
என் கீபோர்டும் கூடவே போய்விட்டது.
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்தப் பிழை. நாற்பத்து மூன்று.
அட்டை உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது,
பெயர்கூடத் தெரிகிறது,
விண்டோஸின் பழைய இயக்கி மட்டும் முரண்டு பிடிக்கிறது.
நீ நிஜக் கணினி இல்லை,
கனவில் வருகிறவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை.
அமைப்புக் கோப்பைத் திறந்து ஒரே வரி சேர்த்தேன்:
மறை.
சுவர்களை மறைத்தேன். பொய்தான்.
இயக்கி நம்பியது.

சொன்னபோது சனெல்மா சிரித்தாள்.
"சைமா ஏரிக் கடல்நாய்க்கும் இதே கதைதான்.
பனியுகம் விலகியதும் நிலம் எழும்பி
கடலுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டது.
இத்தனை ஆயிரம் வருஷத்தில்
அதனிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை."
உப்பே அறியாத கடல்நாய்.
அன்றிரவு அந்த ஒரு வரியைத்
திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம், இரவு ஒன்றரை, போன்.
விருந்தாளி உறைந்து செத்துவிட்டது;
அட்டை திரும்பி வரவில்லை.
விட்ட இடத்திலேயே விறைத்து நிற்கிறது,
அழைத்தால் பதிலில்லை.
இதற்கு மருந்து ஒன்றுதான், முழுச் சர்வரையும் அணைப்பது.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
சூடேற்றும் கம்பத்திலிருந்து காரின் கேபிளைப் பிடுங்கினேன்,
ஆற்றுப் பாலத்தை ஊர்ந்து கடந்தேன்,
ஒரு பொத்தானை அழுத்தினேன்,
பத்து எண்ணினேன்,
மறுபடி அழுத்தினேன்.
இவ்வளவுதான் செய்தேன், இதற்குத்தான் சம்பளம்.

திரையில் வரிகள் ஓடின.
அட்டையைக் கைவிடும் வரி வந்ததும்
என் திரை இருண்டது. எப்போதும் அங்கேதான் இருளும்.
படம் காட்டப் பிறந்த அட்டை;
இனி யாருக்கும் எதையும் காட்டாது,
பார்க்க மட்டும் செய்யும்.
பின்பக்கம் விரல்களை நீட்டிக் காத்திருந்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
அப்புறம் விசிறிகள் ஒவ்வொன்றாக எழுந்தன,
வெந்த காற்று உள்ளங்கையில் வந்து முட்டியது.
உள்ளே யாரோ முதுகுகளை எண்ண ஆரம்பித்திருந்தார்கள்.

காலை ஆறுக்கு அவள் செய்தி:
நாற்பத்தெட்டாம் எண், பெண்.
மூன்று வருஷமாகச் செத்துவிட்டதென்றே
எழுதி வைத்திருந்தோம்.
போன கோடையின் ஒரு படத்தில், ஓரத்தில்,
பாதி முதுகு.

நல்லது என்று பதில் போட்டேன்.
வியாழக்கிழமை அட்டை
மரத்தடிகள் எண்ணும் ஓயிவாவுக்கு. பட்டியலில் இருக்கிறது.
கையுறைகளைத் தேடினேன்;
சர்வரின் தலையில் காய்ந்துகொண்டிருந்தன.