கணப்படுப்பு

மார்கழியிலும் விசிறி தேடும் சுண்டுக்குளியில்
பிறக்கிராசி நத்தானியேல் முத்துக்குமாரு
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்றில்
வரவேற்பறைச் சுவரில்
கணப்படுப்பு ஒன்று வைத்தார்.

வரைபடம் கப்பலில் வந்தது.
விறாந்தைத் தூண்கள் கிளாஸ்கோ வார்ப்பிரும்பு.
சுவர் மட்டும் எங்கட முருகைக்கல்,
கூரைக்கு நெடுந்தீவுப் பனை.
"இதில ஆர் ஐயா குளிர்காயிறது?"
மேசன் கேட்டானாம்.
பிறக்கிராசி பதில் சொன்னதாய்த் தகவல் இல்லை.

நூறு வருஷம் அதற்குள்
பூச்சாடி, பிறகு ரேடியோ,
பிறகு குட்டி போட்ட பூனை.

தொண்ணூறில் மயிலிட்டியிலிருந்து வந்தோம்,
பதினொரு குடும்பம்.
மாரி மழை. முற்றத்து அடுப்பெல்லாம் நனைந்துபோனது.
மண்ணெண்ணெய் விலை சொன்னால் நம்பமாட்டியள்.
திரவியமக்கா பூனையைத் தூக்கி அப்பால் விட்டாள்,
மூன்று கல் வைத்தாள்,
பனம்மட்டையைக் கொளுத்தினாள்.

கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

புகை அறைக்குள் வரவேயில்லை.
நேரே மேலே,
வழி தெரிந்த ஆளைப்போல.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன்:
மழைக்குள் அந்த வீடு
முதன்முதலாய் மூச்சு விட்டது.

"ஹெலிக்குத் தெரியப்போகுது, நூருங்கோ!"
யாரோ கத்தினார்கள்.

"கஞ்சி இறங்கட்டும்" என்றாள்.