மூன்றாவது குழி

பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது
இல்லாததுதான்.
பச்சை வெல்வெட்டில் நீளமாக மூன்று குழிகள்.
இரண்டில் குழல்கள்,
மூன்றாவதில் தூசி, செத்துப்போன ஓர் அந்துப்பூச்சி.

காப்பித் தோட்டத்தை விற்றுக் கப்பலேறிய துரையின் சரக்கு.
மவுண்ட் ரோட்டில் எங்கள் கடைக்கு வந்து
நாலு மழைக்காலம் ஆகிறது.
அணா போய்ப் பைசா வந்து பத்து வருஷம்,
விலைச்சீட்டில் முதலாளி இன்னமும்
அணாவில் எழுதி, அடித்து, மேலே திருத்துவார்.

பெரியமேடு தோல் மண்டி கலீலுர் ரகுமான்
வாசற்படி ஏறும்போதே கடுக்காய் வாசனை ஏறிவிடும்.
ஸ்டூலில் உட்காரமாட்டார்.
லைசென்ஸ் புத்தகத்தைக் கண்ணாடிமேல் வைத்து
"ஒண்ணுக்குத்தான் இடமிருக்கு, வேதாசலம்" என்றார்
பஸ் கண்டக்டர் மாதிரி.

நான் பெட்டியைத் தள்ளினேன்.
தாழை அழுத்தினால் முழங்கால்போல் மடங்கும்.
ஓர் ஆணியை உருவினால் குழல் கையோடு வரும்,
அடுத்ததை மாட்டலாம்.
பள்ளிக்கரணை உள்ளானுக்கு இந்த வழவழப்புக் குழல்,
ரவை விரிந்து விழும்.
மலைப்பக்கம் போனால் இந்தப் புரிக்குழல்,
ஒற்றைக் குண்டு, திருகிக்கொண்டே போகும்.
குதிரை ஒன்று, வண்டி எதுவானாலும் பூட்டலாம் என்றேன்.
நாலு வருஷமாகச் சொல்லிவரும் வாசகம்.
யாரும் சிரித்ததில்லை. அவரும்.

குழல் வாயில் சுண்டுவிரலை விட்டுச் சுழற்றினார்.
"மண்டிக்கு வர்ற தோலைத் தடவியே சொல்லிடுவேன்,
சுட்டவன் அவசரக்காரனா இல்லையான்னு."

இரட்டைக் குழல் பாருங்களேன்,
இன்னொரு வெடி கைவசம் இருக்குமே?

"இன்னொண்ணு இருக்குன்னு தெரிஞ்சா
முதல் வெடியை எவன் ஒழுங்கா வைப்பான்?"

தப்பிவிட்டால்?

"தப்பிட்டா அது பறவையோடது."

தோளில் ஏற்றி
எதிர்க் கட்டடத்துக் கடிகாரத்தைக் குறிபார்த்தார்.
நான் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தேன்.
குறிபார்ப்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது,
இது முதலாளி சொல்லித் தந்ததல்ல,
எனக்காக வந்த பழக்கம்.
பத்தொன்பது வருஷத்தில்
ஒரு தோட்டாகூட நான் வெடித்ததில்லை.
காக்கைகூட என்னைக் கண்டு பறந்ததில்லை.

இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:
"மூணாவது எங்கே?"

குழல்களின் அடியில் ஒரே எண் பொறித்து
பக்கத்தில் ஒன்று, மூன்று என்றிருக்கும்.
போனது இரண்டு. நடுவில் உள்ளது.
குன்னூருக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று.
கடைசிக் கடிதம் முத்திரையோடு திரும்பி வந்தது.

"அது இல்லாம இது ஓடும்.
இது இல்லாம அது வெறும் பைப்பு" என்றார்.
கொஞ்ச நேரம் வெல்வெட்டைத் தடவினார்,
நரம்பு தேடுவதுபோல.
"எவ வீட்டு அடுப்பிலயோ ஊதுகுழலா இருக்கு, பாரு."
அப்போதுதான் சிரித்தார்.

முதலாளி வந்ததும் துண்டை விரித்தார்.
அடியில் இருவர் கையும் மறைந்தன.
மூன்று விரலை முதலாளி நீட்டியிருக்க வேண்டும்,
இவர் ஒன்றை மடக்கியிருக்க வேண்டும்.
வெளியே சைக்கிள் ரிக்‌ஷாக்காரன்
இரண்டு முறை மணியடித்தான்.
துண்டு உதறப்பட்டது.
முடிந்தது.

பதிவேட்டில் எண்ணிக்கை என்றொரு கட்டம்.
துப்பாக்கி ஒன்று. குழல் இரண்டு.
போலீஸ் கமிஷனர் ஆபீஸில்
இதைக் கூட்டி மூன்று என்பார்களோ
பிடித்துக்கொண்டு ஒன்று என்பார்களோ.
பேனா அங்கேயே நின்று
ஒரு நீலப் பொட்டு வைத்துவிட்டது.

ராத்திரி சிந்தாதிரிப்பேட்டையில் மழை.
விறகு ஈரம்.
புகைக்குள்ளிருந்து அவள் கை நீட்டினாள்,
அந்த ஊதுகுழலை எடுங்க.

எடுத்தேன்.
கொடுக்கும் முன் விளக்கருகே கொண்டுபோய்
அடியில் திருப்பிப் பார்த்தேன்.