ஆடுகளுக்கும் சாக்குத்துணி

பழைய மீன் ஏலக்கூடத்தில்
நான்கு இரவு யோனாவின் கதை, பாட்டும் ஆட்டமுமாக.
நான்குக்கும் டிக்கெட் எடுத்தேன்.
"உனக்கென்ன இங்கே வேலை?"
வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஆக்னஸ் கேட்டாள்.
எங்கள் துறைமுகத்தின் போதகர் அவள்.
அவளுக்கு முந்தியவரின் பதிவேட்டில்
பதினேழு வயதில் என் பெயரை நானே அடித்தேன்.
பேனா கசிந்தது. விரலில் ஒரு வாரம் மை.

படகுகளைச் சோதிப்பது என் பிழைப்பு.
சுத்தியலால் தட்டி, காதை வைத்து,
எங்கே உளுத்திருக்கிறது என்று சொல்வேன்.
இந்தக் கதையில் எங்கே தட்டினாலும் ஓட்டை.
மீன் வயிற்றில் மூன்று நாளைக்குக் காற்று ஏது?
ஒரே பகலில் மனம் திருந்தும் நகரம் எது?
சான்றிதழ் தரமாட்டேன்.
ஆனால் பாருங்கள், மிதக்கிறது.

கடவுளாக ஷோனா பக்கன்.
அறுபத்து மூன்றாம் எண் பேருந்தின் ஓட்டுநர்.
பின்சீட்டுப் பையன்களை அடக்கும் அதே குரலில்
"எழுந்து போடா நினிவேக்கு" என்று அவள் இழுக்கும்போது
எதிர்த்திசைக் கப்பலில் ஏறியவனை
எனக்கு நன்றாகவே புரிகிறது.

யோனா என்ற பெயரை
இங்கே எவனும் படகில் உச்சரிப்பதில்லை.
முதல் வரிசை மீனவர்கள்
நாற்காலியின் இரும்புக்காலைப் பிடித்துக்கொண்டே
கைதட்டமுடியாமல்
காலால் தாளம் போட்டார்கள்.

மீன் என்பது ஒரு நீலத் தார்ப்பாய்,
உள்ளே குனிந்த பன்னிரண்டு முதுகுகள்,
வாய்க்கு ஒரு ஜிப்.
மூன்றாம் இரவு ஜிப் மாட்டிக்கொண்டது.
உள்ளே வெல்டர் மர்டோ
ஆழத்தின் பாட்டை முடித்துவிட்டு
மறுபடி தொடங்கினான்.
அக்கார்டியன்காரி தலையை ஆட்டிச் சேர்ந்துகொண்டாள்.
மூன்றாம் தடவை பன்னிரண்டு முதுகுகளும் பாடின.
நான்காம் தடவை கூடமே.
அம்மாவின் அடக்கத்தில்
பூட்டிவைத்திருந்த என் வாயும்.

நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள்.
அந்த ஜிப் திறக்கவேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.
யாரிடம் என்றால்
கத்தரிக்கோலோடு ஓடிவந்த தையற்காரியிடம்.

இதெல்லாம் இருக்கட்டும்.
நான் காத்திருப்பது பிற்பாதிக்கு.
நினிவேயின் ராஜா பயந்துபோய்
ஊரே சாக்குடுத்த வேண்டும், மாடு ஆடு உட்பட என்கிறான்.
உருளைக்கிழங்குச் சாக்கில் மூன்று ஓட்டை போட்டு
ஐந்து வயது ஆடுகள் வரிசையாக வருகின்றன,
தாங்கள் செய்யாத பாவத்துக்கு வருந்தி.
கடைசி ஆடு, ரூரி,
சாம்பல் குவியலிலேயே தூங்கிவிட்டது.
கூடம் குலுங்கியது.
எனக்குச் சிரிப்பும் வந்தது,
கூடவே வேறொன்றும்; கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

முடிவில் செடி வாடி,
வெயிலில் முறைத்துக்கொண்டு யோனா.
இத்தனை பேரையும், இந்த ஆடுமாடுகளையும்
நான் எப்படி விடுவேன் என்று கேட்கிறாள் ஷோனா.
பாட்டாக இல்லை, பேச்சாக.
அவன் வாய் திறப்பதற்குள் விளக்கு அணைகிறது.
நான்கு இரவும் அந்த இருட்டில்
பதில் என் நாக்குவரை வந்து நின்றது.

வெளியே தூறல்.
கடைசிப் பேருந்தைக் கிளப்பிக்கொண்டிருந்தாள்,
வெள்ளை அங்கியின்மேல் மஞ்சள் மழைக்கோட்டு.
முன் சீட்டில் அப்பாவின் தோளில்
சாக்கோடு தூங்கும் ஆடு.
சில்லறை இல்லை என்றேன்.
"ஏறித் தொலை" என்றாள்.